வளைந்த மூலை

செராஸில் என் வீட்டுச் சமையலறை மேடையில் ஒரு மூலை மட்டும் வளைவாக இருக்கும். அண்ணன் வளைத்தது. என் மகள் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். “இன்னும் ஒரு வருஷத்துல இவ நெத்தி இங்கதான் வந்து இடிக்கும்லா” என்று அந்தக் கூர்முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, கல் வெட்டும் கிரைண்டரை எடுத்தார்.

அண்ணனுக்குக் கிள்ளானில் வேலை. சமையலறைகளுக்கு டேபிள் டாப் கல் வெட்டும் பட்டறை. அங்கே தண்ணீர் விட்டு வெட்டுவார்கள். வீடுகளில் பொருத்தப் போகும்போது யாரும் அதற்குச் சம்மதிப்பதில்லை. என்னிடமும் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். “புதுத் தரைண்ணே, நாசமாயிடும். அப்படியே வெட்டு” என்றேன். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டினார். முடித்து வந்தபோது புருவமெல்லாம் வெள்ளை. மகள் அடையாளம் தெரியாமல் வீறிட்டாள். “தூசுதானே, குளிச்சா போயிடும்” என்று சிரித்தார்.

போகவில்லை. சில ஆண்டுகளில் நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. மருத்துவர் நுரையீரல் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். கல்லின் நுண்துகளை நுரையீரலின் காவல் செல் விழுங்கிவிடும், செரிக்க முடியாது. துகள் அதை உள்ளிருந்து கிழித்துவிட, ஆபத்து என்று மற்ற செல்களுக்குச் சமிக்ஞை அனுப்பிவிட்டு அது சாகும். வெளியே விழுந்த துகளை, ஓடிவந்த அடுத்த செல் விழுங்கும். மறுபடியும் அதே கூப்பாடு. வேலையை விட்ட பிறகும் அது ஓயாது. நுரையீரல் தழும்பு தழும்பாக இறுகிக்கொண்டே போகும்.

“தண்ணி நெறைய குடிச்சா கழுவிக்கிட்டுப் போவாதா டாக்டர்?” என்று அண்ணன் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு நாள் தூசு செய்த வேலையல்ல, பல வருடத் தூசு என்றார் மருத்துவர். புரிகிறது. ஆனாலும் மனம் அந்த ஒரு வாளியை விட்டு நகர மறுக்கிறது. ஒருமுறை அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். “எந்த வாளி?” என்றார். அவருக்கு நினைவே இல்லை.

அண்ணன் போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. மகள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். அந்த மூலையில் சாய்ந்துகொண்டுதான் போன் பேசுகிறாள். நெற்றியில் ஒரு தழும்பு கிடையாது. எனக்கு அண்ணனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் மேடையைக் கழுவும்போது அந்த மூலையில் மட்டும் ஒரு குவளைத் தண்ணீர் கூடுதலாக ஊற்றுகிறேன். தரையெல்லாம் நனைகிறது. நனையட்டும்.