சிவனாண்டி அரைத்த கிராங்க்

பேச்சிமுத்து பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர் என்று சொன்னால், கேட்கிறவர்கள் உடனே துப்பாக்கியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அவர் துப்பாக்கி தூக்கியது பயிற்சிக் காலத்தோடு சரி. மிச்ச நாளெல்லாம் ராணுவ லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். 1983-ல் பென்ஷன் வாங்கிக்கொண்டு சொந்த ஊரான சுந்தரபாண்டியத்துக்கு வந்தவர், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஷெட் மேஸ்திரிக்கும் அவருக்கும் ஒரு வருஷம்கூட ஒத்துப்போகவில்லை. பேச்சிமுத்துவோடு ஒத்துப்போவது அத்தனை சுலபமும் இல்லை. "எனக்குத் தெரியாத ஸ்பேனரா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டு வெளியே வந்தார். தென்காசி ரோட்டில் தகரக் கூரை போட்டுச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் ஆரம்பித்தார்.

கடை வைத்துவிட்டால் போதுமா? வண்டி வர வேண்டுமே! மூன்று வருஷமாக வந்ததெல்லாம் மற்ற ஒர்க்‌ஷாப்காரர்கள் கைகழுவிவிட்ட டிராக்டரும், உரிமையாளருக்கே பிடிக்காத டாக்சியும்தான். மனைவி வெள்ளத்தாய் பேண்டேஜ் கம்பெனியில் பஞ்சு சுருட்டுகிற வேலைக்குப் போனதால் வீட்டில் உலை கொதித்தது. "மில்லுக்கே திரும்பிப் போங்களேன்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அந்த மேஸ்திரி முகத்தில் போய் முழிப்பதைவிட ரோட்டோரம் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டலாம் என்று இவர் வீம்பாக இருந்தார்.

1987 சித்திரையில்தான் அந்தச் சிவப்பு வண்டி வந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தேயிலை எஸ்டேட் துரை ஓட்டியது. அதைக் கயிறு கட்டி ஜீப்பில் இழுத்து வந்தவர் ஹயக்ரீவன். மில் ஒன்றில் மெயின்டனன்ஸ் என்ஜினியர், வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் பக்கம். நெற்றியில் பளிச்சென்று திருமண்; காலையில் பிரபந்தம் சேவித்துவிட்டுத்தான் மில்லுக்குப் புறப்படுவார். சேவித்து முடித்த கையோடு கார் பத்திரிகையைப் பிரித்துவிடுவார் என்பது அவர் மனைவி ஸாவித்ரியின் புகார்.

"பிழைக்குமா, பேச்சிமுத்து? மதுரையில ரெண்டு பேர் பார்த்துட்டு, பழைய இரும்புக்குப் போடுங்கோன்னுட்டா."

பேச்சிமுத்து பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, குனிந்து ஒரு முழு பீடி நேரம் பார்த்தார். என்ஜினின் உடம்பான பிளாக் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது.

"இந்த என்ஜின் செத்துப்போச்சு சார். ஆனா இதுக்கு உடம்பொறந்தது ஒண்ணு நம்மூரு ரோட்டுல தெனமும் ஓடுது."

"என்னது அது?"

"அம்பாசிடர்!"

ஹயக்ரீவன் சிரித்துவிட்டார். பேச்சிமுத்து சிரிக்கவில்லை. அம்பாசிடருக்கும் எம்.ஜி.க்கும் என்ஜின் வார்த்தது சீமையில் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. ஒன்றைக் குடும்பம் சுமக்க வளர்த்தார்கள், இன்னொன்றை ஓடுவதற்கு வளர்த்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அம்பாசிடர் பிளாக்கை இறக்கி, அதன் தலையில் எம்.ஜி.யின் ஹெட்டையும் இரட்டைக் கார்புரேட்டரையும் வைத்து, உள்ளே வால்வுகளைத் திறந்து மூடுகிற எம்.ஜி.யின் கேம் ஷாஃப்டைப் போட்டால் ஐம்பது குதிரை சக்தி எழுபதுக்கு ஏறும். இதை அவர் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். ஹயக்ரீவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படத்துக்கு எதிரே குந்திவிட்டார்.

"ஆடிப்பூரத்துக்கு ஆத்துல சொந்தக்காராள்லாம் வருவா. அதுக்குள்ள இதுல போய் வாசல்ல நிக்கணும். முடியுமா?"

"நிப்பீங்க சார். நான் சொல்லுதேன்."

இந்த வண்டி ஓடினால் மில்காரர்கள் வீட்டுப் பழைய வண்டியெல்லாம் தென்காசி ரோட்டுக்கு வரும். ஓடாவிட்டால் கடையை இழுத்து மூடிவிட்டு மேஸ்திரியிடம் போய் நிற்க வேண்டியதுதான். பேச்சிமுத்துவுக்கு அது நன்றாகத் தெரியும்.

வேலை இரண்டரை மாதம் பிடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த சிவனாண்டிதான் கடைசல் வேலை முழுவதும் பார்த்தார். பேச்சிமுத்துவைவிடப் பத்து வயது இளையவர். வாய் பேசாது, கை பேசும். ஹெட்டின் அடிப்பக்கத்தை மயிரிழை மயிரிழையாகச் சீவி அழுத்தத்தைக் கூட்டிக் கொடுத்தார். என்ஜினின் முதுகெலும்பான கிராங்க் ஷாஃப்டை அரைத்துப் பளிங்காக்கிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் போட்டு அனுப்பினார். கூடவே ஒரு அட்டை, அதில் அளவு மட்டும். இங்கே பேச்சிமுத்து, குச்சியில் எமரித் தாளைச் சுற்றி, காற்றும் பெட்ரோலும் நுழையும் பாதைகளை ஒன்பது நாள் உள்ளுக்குள் தேய்த்தார். விரலை விட்டால் சங்குக்குள் விட்டதுபோல் வழுக்கியது.

ரோட்டோரப் பட்டறை. லாரி ஒன்று போனால் புழுதி ஒரு படி உள்ளே வரும். கிராங்க்கில் எண்ணெய் ஓடுவதற்கு ஏழு துவாரங்கள் உண்டு; அவற்றுக்குள் மண் போகாமல் அடைத்து வைக்க வேண்டும். மற்ற ஊர் மெக்கானிக்காக இருந்தால் கிழிந்த பனியனைத் திணித்திருப்பான். ராஜபாளையத்துக்காரனுக்குப் பஞ்சுதான் முதலில் கைக்கு வரும். இந்த ஊரில் காதடைப்புக்கும் பஞ்சு, ஆடுகிற மேஜைக் காலுக்கும் பஞ்சு! அதிலும் வெள்ளத்தாய் கொண்டுவந்த ஆஸ்பத்திரிப் பஞ்சு, வெள்ளை வெளேரென்று பூ மாதிரி இருந்தது. ஏழு துவாரத்திலும் ஏழு உருண்டை அடைத்தார்.

கிராங்க்கை ஏற்றுகிற அன்று ஹயக்ரீவன் வந்து உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டர் ஊசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு சுவாரசியத்தில் பேச்சிமுத்து பஞ்சை எடுத்து எடுத்துப் போட்டார். எண்ணவில்லை. ஆறுதான் வந்தது. ஏழாவது, எண்ணெயில் ஊறி உள்ளே இறங்கிவிட்டது. மேலே பார்த்தால் துவாரம் திறந்துதான் தெரிந்தது.

ஆடிப்பூரத்துக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, வண்டி புறப்பட்டது. அடடா, என்ன ஓட்டம்! ஹயக்ரீவன் ஓட்ட, பேச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராஜபாளையம் தாண்டியதும் காலைக் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். வண்டி சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. முன்னால் போன பஸ்ஸை முந்தியபோது ஹயக்ரீவன் "நாராயணா!" என்று கத்தியது பயத்திலா சந்தோஷத்திலா என்று அவருக்கே தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு மைல் இருக்கையில் அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது. எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர் சரியாகத்தான் நின்றது. பேச்சிமுத்து "ஆஃப் பண்ணுங்க சார்!" என்று கத்துவதற்குள் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஹயக்ரீவன் வேட்டியெல்லாம் கறையாக டவுன் பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டாராம்.

செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சிமுத்து என்ஜினைப் பிரித்தார். மூன்றாவது பிஸ்டனைத் தாங்குகிற பேரிங் எரிந்து உருகியிருந்தது. அந்த இடத்துத் துவாரத்தில் கம்பியை விட்டுச் சுண்டினார். கறுப்பாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று வந்து உள்ளங்கையில் விழுந்தது. பிரித்துப் பார்த்தார். நடுவில் இன்னும் வெள்ளையாக இருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தார், யாரும் இல்லை. பஞ்சை மூக்குப்பொடி டப்பாவில் போட்டு மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஹயக்ரீவன் வந்தார். என்ஜினியர் அல்லவா, எரிந்த பேரிங்கைப் பார்த்தவுடன் அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஆயில் பிரஷர் இருந்தது. அப்புறம் ஏன் எரியணும்? கிராங்க்கைச் சரியா அரைக்கலை. பேரிங் டைட்டாப் பிடிச்சிருக்கு. அப்படித்தானே?"

"இருக்கலாம் சார்" என்றார் பேச்சிமுத்து.

இருக்கலாம்! பட்டாளத்தில் பதினேழு வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நின்றவர் வாயிலிருந்து வந்த வார்த்தையைப் பாருங்கள். பொய் சொல்லவில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள அதைவிட வசதியான வார்த்தை கிடையாது. ஹயக்ரீவன் மில்லுக்குப் போய், இனிமேல் ஷாஃப்ட் வேலை எதையும் சிவனாண்டிக்கு அனுப்ப வேண்டாம் என்றார். இரண்டே நாளில் மற்ற மில்லுக்கும் விஷயம் எட்டிவிட்டது.

பேச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன, வெயிலா?" என்று வெள்ளத்தாய் கேட்டாள். "வெயிலுதான்" என்றார். ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வீசிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சிவனாண்டி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பேச்சிமுத்து எழுந்து நின்றார். சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சிவனாண்டி கையில், மயிரிழை அளவு பார்க்கிற மைக்ரோமீட்டர் பெட்டி இருந்தது. அதை பெஞ்சில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணாச்சி, என்னைய மன்னிச்சிருங்க. ஒங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

"ஏலே, என்ன பேசுத நீ?"

"மைக்ரோமீட்டர மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டுனேன். அது சரியாத்தான் இருக்குங்கான். அப்பொ என் கண்ணுதான அண்ணாச்சி கோளாறு? நேத்து அரைச்ச ஷாஃப்ட நாலு மட்டம் அளந்து பாத்தேன். நாலு மட்டமும் சந்தேகமாவே இருக்கு. கை நடுங்குது. இனிமே கிராங்க் வேலை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். சின்னச் சின்ன புஷ்ஷு கடைஞ்சு பொழச்சுக்கிடுதேன். இந்த மைக்ரோமீட்டர் ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

பேச்சிமுத்து பெட்டியை அவர் பக்கமே திரும்பத் தள்ளினார். தான் பாட்டுக்கு ஒரு வார்த்தையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க, அங்கே ஒருவன் தன் கண்ணையும் கையையும் நம்ப முடியாமல் செத்துக்கொண்டிருக்கிறான். பையிலிருந்து டப்பாவை எடுத்தார், திறந்தார், பெஞ்சில் கவிழ்த்தார்.

"ஒன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் பஞ்ச எடுக்காம விட்டுட்டேன். மூணாவது பிஸ்டன் தொளையில அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

சிவனாண்டி அந்தக் கறுப்பு உருண்டையை எடுத்துப் பிரித்தார். நடுவில் இருந்த வெள்ளையைப் பார்த்தார்.

"எப்பப் பாத்தீரு?"

"செவ்வாக்கெழம."

சிவனாண்டி விரல்விட்டு எண்ணினார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. மைக்ரோமீட்டர் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார். திட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பேச்சிமுத்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஹயக்ரீவன் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே, வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி எல்லாவற்றையும் சொன்னார். ஹயக்ரீவன் முகம் சிவந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா! ஒருத்தன் பேரைக் கெடுத்துட்டேனே!" என்றார். அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு சிவனாண்டி பட்டறைக்குப் போனார். திங்கட்கிழமை மில் ஷாஃப்ட்கள் சிவனாண்டியிடமே திரும்பிப் போயின.

கிராங்க்கை மறுபடி அரைக்க வேண்டியிருந்தது. சிவனாண்டிதான் அரைத்தார். பஸ்ஸில் வந்தது, அட்டையில் அளவு இருந்தது. ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த பிறகுதான் சிவப்பு வண்டி ஹயக்ரீவன் வாசலுக்குப் போனது; அதற்குள் சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஹயக்ரீவன் ஸாவித்ரியை உட்கார வைத்து அய்யனார் கோவில் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தார். கடை மூடவில்லை. தப்பை ஒத்துக்கொண்ட மெக்கானிக் என்பதே ஒரு விளம்பரம் ஆகிவிட்டதோ என்னவோ, ஹெரால்டு கார் வந்தது, கான்டசா காரின் என்ஜினைப் பொருத்த வேண்டும் என்று அம்பாசிடர்கள் வந்தன.

அன்றிலிருந்து பேச்சிமுத்து பட்டறையில் பஞ்சு கிடையாது. வெள்ளத்தாயின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, துண்டு துண்டாக ஒரே நூலில் கோத்து, அதைத்தான் துவாரங்களில் அடைப்பார். ஒன்றை இழுத்தால் எல்லாம் கூடவே வர வேண்டும். இது என்ன சிவப்புத் துணி என்று யார் கேட்டாலும் முழுக் கதையையும் சொல்வார். செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாளையும் விடமாட்டார்.

சிவனாண்டி மட்டும் பேசவில்லை. வேலையை மறுக்கவும் இல்லை. பேச்சிமுத்து ஐந்தாறு தடவை பட்டறைக்கே போய் நின்று பார்த்தார். சிவனாண்டி லேத்தை நிறுத்தாமல், கண்ணால் பெஞ்சைக் காட்டுவார். அங்கே வேலை முடிந்த சாமான் இருக்கும். ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று. எத்தனை கிராங்க் வந்தாலும் அட்டையில் அளவுதான், அதற்கு மேல் ஒரு எழுத்து இருக்காது. அட்டையைத் திருப்பிப் பார்ப்பது பேச்சிமுத்துவுக்குப் பழக்கமாகிவிட்டது.

1996-ல் சோழபுரத்து டிராக்டர்காரர் ஒருவர் சிவனாண்டி பட்டறையில் உட்கார்ந்திருந்தார். "ராஜபாளையத்துல ஒரு ஆளு இருக்காருய்யா. தான் செஞ்ச தப்ப, கேக்காதவனக்கூடக் கூப்புட்டு வச்சுச் சொல்லுதாரு. அந்த லேத்துக்காரன் மாதிரி கை இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்காரு" என்று எதிரில் இருப்பது யார் என்று தெரியாமலே சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சிவனாண்டி அரைத்து அனுப்பிய, ஒரு பழைய ட்ரையம்ஃப் காரின் கிராங்க் பஸ்ஸில் வந்து இறங்கியது. பேச்சிமுத்து சாக்கைப் பிரித்தார். வெள்ளத்தாய் தூக்குச் சட்டியோடு அப்போதுதான் உள்ளே வந்தாள். கிராங்க்கின் ஏழு துவாரத்திலும் சிவப்புத் துணி அடைத்திருந்தது. ஏழும் ஒரே நூலில் கோத்திருந்தது. அட்டையில் அளவு, அதற்குக் கீழே பென்சிலால், "துணி ஏழு. எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி."

அவர் நூலை மெதுவாக இழுத்து, ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழும் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். கண் மறைத்தது.

"என்னங்க, எதுவும் சரியில்லையா?" என்று பதறினாள் வெள்ளத்தாய்.

"ஏட்டி, சிவனாண்டி பேசிட்டான்" என்றார் பேச்சிமுத்து.