கழுவிப் பார்க்கச் சொன்னவள்

நம்புகிறவர்கள் நம்பட்டும். பொய் சொல்லி இந்த வயதில் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

வாய் ஓயாத என் தங்கை, தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக் குழாயோடு கிடந்தாள். நிமோனியா என்றார்கள். மூன்று முறை மருந்து மாற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்மா" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

பட்டப்பகல். நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். வெளிக் கூடத்தில் நானும், மூலை பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒருவரும் மட்டும்தான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். எப்போது வந்தாள்? கதவுச் சத்தமே கேட்கவில்லை...

"குறட்டையைப் பாத்தீங்களா, கட்டடமே ஆடுது" என்றாள். "ஆனா எழுப்பிடாதீங்கம்மா. பன்னெண்டு நாளாத் தூங்கல, பாவம்."

குரல் கரகரத்தது. இரண்டு கன்னத்திலும் பிளாஸ்திரி உரித்த தடம்.

"உங்க தங்கச்சிக்கு நுரையீரல்ல பூஞ்சை. உள்ள குழாய் விட்டு, உப்புத்தண்ணியால கழுவி, அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. இன்னைக்கே."

"நீ நர்ஸாம்மா?"

"இல்லம்மா. எனக்கு லேட்டாயிடுச்சு..."

அப்போதுதான் கவனித்தேன். இவ்வளவு பேசியும் அவள் மூச்சே இழுக்கவில்லை.

உள்ளே ஏதோ மெஷின் கத்தியது. பீ... ஈ... ஈ...

திரும்பினேன். சுவர்க் கடிகாரத்தில் 3.40.

மறுபடி பார்த்தேன்.

நாற்காலி காலி.

நாலு மணிக்கு டாக்டரை மடக்கிச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"சளியில பூஞ்சை தெரிஞ்சுது. வாயிலேர்ந்து வந்திருக்கும்னு விட்டுட்டோம்... உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

அன்றே கழுவி எடுத்தார்கள். பூஞ்சைதான். மருந்து மாறியது. தங்கை பிழைத்தாள்.

"பக்கத்துப் பெட்டுக்கும் இதேதான்" என்றார் டாக்டர். "அவங்க போனப்புறம்தான் ரிசல்ட் வந்துது."

ஒரு வாரம் கழித்து மூலை பெஞ்சுக்காரரை அதே கூடத்தில் பார்த்தேன். இறப்புச் சான்றிதழுக்காக வந்திருந்தார்.

"உங்க தங்கச்சிக்குப் பக்கத்துப் பெட்டு என் சம்சாரம்தாம்மா. மூணு நாப்பதுக்குப் போயிட்டா. நான் தூங்கிட்டேன். நினைவில்லாமதான் கொண்டு வந்தோம். பன்னெண்டு நாளும் தொண்டையில குழாய். கடைசியா அவ குரலக்கூடக் கேக்கல..."

எல்லாவற்றையும் சொன்னேன். நிஜமா என்று அவர் கேட்கவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"எழுப்பிடாதீங்கன்னு சொன்னாப்பா."