வாசலில் ஷூவோடு நின்ற மாமா

அம்மா இருந்தார். அப்பா இருந்தார். தேவி அக்கா பட்டுப்புடவையில் இருந்தாள். அக்காவின் மாமியார், எனக்கு அத்தை, வெற்றிலைத் தட்டோடு இருந்தார். சொந்தபந்தம் முக்கால்வாசி இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஓட்டி வந்த பசுவும் கன்றும்கூட இருந்தன.

குணா மாமா மட்டும் இல்லை.

அவர் கட்டிய வீடு அது.

சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகிற வழியில் இருக்கிறது வீடு. அக்காவும் அத்தையும் அதுவரை இருந்தது தகர ஷீட் போட்ட வீட்டில். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று சேதி வந்தால், முதல் வேலையாகக் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைப்பார்கள். அக்காவின் வீட்டுக்காரர், அதாவது மாமா, மஸ்கட்டில் வெல்டர். அவர் வருஷக்கணக்காக அனுப்பிய பணம்தான் இப்போது தளம் போட்ட வீடாக நிற்கிறது.

கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, தருவதாகச் சொன்ன லீவை அங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தள்ளிப்போடலாம் என்றால் ஆடி பிறந்துவிடும். ஆடி போய் ஆவணிக்குள் மழை பிடித்துக்கொண்டால்...?

"நீங்க பால காய்ச்சிடுங்க. நான் போன்ல பாத்துக்கிறேன்" என்றார் மாமா.

பார்த்தாரா? எங்கே பார்த்தார்! பால் பொங்குகிற நேரம் பார்த்து, மகனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அத்தை போனை அடுப்புக்கு மேலே நீட்டினார். ஆவி முழுக்க லென்ஸில்.

"இன்னாம்மா, அங்க பனி பேயுதா?" என்று மஸ்கட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் போட்டோப் பைத்தியம் தெரியும். மாவிலைத் தோரணத்துக்குக் கீழே எல்லோரையும், ஓரத்தில் பசுவையும் கன்றையும் நிற்க வைத்து, டைமர் போட்டுவிட்டு, நானும் ஓடிப்போய் ஓரத்தில் நின்றேன். கிழக்குப் பார்த்த வாசல். காலை வெயில் சற்றுச் சாய்வாக முகத்தில். படம் அருமையாக வந்தது.

பந்தி முடிந்ததும் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் படத்துல மாமாவ உள்ள கொண்டாந்துடு. உன்னால ஆகும்தானே? ஹால்ல மாட்டணும். வர்றவுங்க எல்லாம் 'வூட்டுக்காரரு வரலியா, வூட்டுக்காரரு வரலியா'ன்னு கேட்டுட்டாங்கடா. இனிமே அந்தப் படத்தப் பாக்கறப்ப எல்லாம் கேப்பாங்க."

ஆகும் என்று சொன்னேன். தைரியமாகச் சொன்னேன்!

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீங்களும் செய்யலாம். கம்ப்யூட்டர்கூட வேண்டாம், போனிலேயே ஓர் இலவச ஆப் போதும். ஆளை விரலால் சுற்றி வரைந்தால், வெட்டிக் கொடுத்துவிடும். தலைமுடி ஓரத்தில் மட்டும் பழைய இடத்தின் நிறம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட வேண்டும். பிறகு புதுப் படத்தில் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் நிற்பவரின் தலையோடு அளவு பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

மாமாவின் முழு உருவப் படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மஸ்கட்டில் ஏதோ பூங்காவில், வெள்ளிக்கிழமை லீவில் எடுத்தது. இஸ்திரி போட்ட சட்டை, புது ஷூ, ஒரு சிரிப்பு. ஆனால் அது சாயங்கால வெயில், எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்தது. அதனால் ஆளை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். நிறத்தில் கொஞ்சம் மஞ்சளைக் குறைத்தேன். அக்கா பக்கத்தில் நிறுத்தினேன். அசலாக இருந்தது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலூரில் பஸ் ஏறும்போதும் அசலாகத்தான் இருந்தது. சிதம்பரம் வருவதற்குள் கண்ணில் பட்டது: மாமாவின் சட்டைப் பாக்கெட் வலது பக்கம். வாட்ச் வலது கையில். தயவுசெய்து மனிதர்களை இடவலமாகத் திருப்பாதீர்கள். மரத்தைத் திருப்பலாம், மாட்டைத் திருப்பலாம். சட்டை போட்ட மனிதரைத் திருப்பினால் பாக்கெட் காட்டிக்கொடுத்துவிடும்.

பஸ்ஸிலேயே பழையபடி திருப்பி, வெளிச்சத்தை மட்டும் சரிசெய்தேன். வீட்டுக்குப் போய்ப் போனை நீட்டினேன். அப்பாவும் அம்மாவும் கூட வந்திருந்தார்கள். அம்மாதான் முதலில் வாங்கிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் நெழலு வுழுது. மாப்ளைக்கு மட்டும் இல்லியேடா. நல்ல நாளும் அதுவுமா, நெழலு இல்லாத ஆளையா நிக்க வெப்ப?"

உண்மைதான். வெட்டி ஒட்டினால் ஆள்தான் வருவார், நிழல் வராது. அதை நாம்தான் போட வேண்டும். அதே உருவத்தை இன்னொரு நகல் எடுத்து, முழுக்கக் கறுப்பாக்கி, பின்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, மங்கலாக்கினால் போதும். பாதம் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் நிழல் கொஞ்சம் அழுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் மிதப்பார். அங்கேயே உட்கார்ந்து நிழலைப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்து அத்தை. போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழே மெதுவாக இறங்கினார். முகம், சட்டை, வேட்டிக்குப் பதிலாகப் பேண்ட்டு... கீழே போனதும் கண் நின்றுவிட்டது.

"யாண்டா, வூட்டுக்கு மொத மொதல்ல வர்றவன் ஷூவோடயா வந்து நிப்பான்?"

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். தோரணத்துக்குக் கீழே, மாக்கோலத்துக்கு மேலே, வரிசையாக வெறுங்கால்கள். அம்மா கால், அப்பா கால், மஞ்சள் பூசிய அக்கா கால். நடுவில் மாமாவின் பளபள ஷூ, அதுவும் கோலத்தை மிதித்துக்கொண்டு!

"அத்தே, அது போட்டோதானே..."

"போட்டோன்னா? ஹால்ல மாட்டுனா பொழுதன்னிக்கும் ஷூவோடதானே நிப்பான்? எம்புள்ளைக்கு மரியாத தெரியாதுன்னு ஊரு பேசவா? இதுக்கு அவன் இல்லாமலே இருந்துட்டுப் போவட்டும்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. சரி, ஷூவை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் ஆப்பிடம் சொன்னாலே போதும், தானாக வரைந்து தரும் என்கிறார்களே! சொன்னேன். தந்தது. இடது காலில் ஆறு விரல். மறுபடி கேட்டேன். விரலே இல்லாமல் ஒரு வெள்ளைக் கால் வந்தது.

"மச்சான் நீதானே, உன் காலையே எடுத்து ஒட்டுடா" என்றார் அப்பா, என் காலைக் காட்டி.

"வேற ஆளு காலயா? எம்புள்ள காலு எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை.

கடைசியில் மாமாவுக்கே போன் போட்டேன்.

"மாமா, உங்க காலு ரெண்டையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. வெறுங்காலு. நேரா நின்னு, மேலேந்து இல்லாம முன்னாடிலேந்து."

"காலா? எதுக்கு மச்சான்?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"அம்மா ஷூவ கண்டுபுடிச்சிட்டாங்களா? அவுங்க போலீஸ் ஆபீசராப் போயிருக்கணும். மச்சான், காலெல்லாம் வேணாம்டா. இடுப்போட வெட்டிப் போட்டுடேன்."

"எல்லாரும் முழுசா நிக்கிறாங்க மாமா. நீங்க மட்டும் பாதியா நின்னா எப்புடி?"

"சரி, அனுப்பறேன். நீ மட்டும் பாரு. ஒட்டிட்டு அழிச்சிடு" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது புரியவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தபோது படம் வந்தது. போன் என் கையில் இல்லை, அக்கா கையில் இருந்தது.

சிமெண்டுத் தரையில் இரண்டு கால்கள். கணுக்காலைச் சுற்றி, தீப்பொறி ஷூவுக்குள் விழுந்து சுட்ட சின்னச் சின்ன வட்டங்கள், பழையதும் புதியதுமாக. நாள் முழுக்க ஷூவுக்குள் வெந்து தோல் உரிந்த விரலிடுக்குகள். இடது கால் கட்டைவிரலில் நகமே இல்லை.

வீடியோ காலில் மாமாவை வாரத்தில் பாதி நாள் பார்க்கிறோம். முகத்தைப் பார்க்கிறோம். குளித்து, தலை சீவி, சிரித்துக்கொண்டு வருவார். காலை யார் பார்த்தோம்?

அக்கா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தக் கட்டைவிரலிலேயே நின்றாள். பிறகு அவளே போன் போட்டாள்.

"நகம் இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தேவி. பைப்பு வுழுந்துது. சின்னதுதான்."

"எப்ப?"

"அது... மேல்தளம் போட்டமே, அப்ப."

தளம் போட்ட அன்று எல்லோருக்கும் பிரியாணி வாங்கிப் போடச் சொல்லி மாமா பணம் அனுப்பியிருந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டோம். நான்தான் அந்தப் பிரியாணியைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அண்ணாமலை நகரில் சேர்ந்தபோது அப்பாவிடம் இருந்தது ஆசை மட்டும். ஃபீஸ் கட்டியது மாமா. அவர் லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன பழைய போனில்தான் போட்டோ எடுக்கவே பழகினேன். நான் இன்று கடலூரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை, உங்களிடம் வாராவாரம் பேசுகிற இந்தப் பக்கம்... எல்லாம் எந்தக் கால்களில் நடந்து வந்தது என்று அந்தப் படத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

சரி, ஒட்ட வேண்டுமே. உட்கார்ந்தேன். தழும்பு, பரு, கறை எதுவானாலும் விரலால் தொட்டால் மறைந்துவிடுகிற ஒரு வசதி எல்லா ஆப்பிலும் இருக்கிறது. பக்கத்துத் தோலை எடுத்து இழைத்துவிடும். பழக்கதோஷம்... கணுக்கால் தழும்பு ஒன்றைத் தொட்டேன். போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது.

அக்கா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய். அதுல கைய வெக்காத."

உடனே பழையபடி ஆக்கினேன். எந்த எடிட்டிங்கிலும் எனக்கு மிகவும் பிடித்த பட்டன் அதுதான், செய்ததை இல்லையென்று ஆக்குகிற அந்த வளைந்த அம்பு.

"ஒட்டவும் வேணாம்" என்றாள் அக்கா. "ஆளு வரட்டும்."

"லீவு குடுக்கலன்றாங்களே..."

"சம்பளம் இல்லாத லீவு குடுப்பாங்களாம். இவருதான் வேணாம்னுட்டாரு. செலவு ஜாஸ்தியாயிடும்னு கணக்குப் பாத்திருக்காரு. இவரு கணக்கு பாத்ததெல்லாம் போதும்."

அத்தை அந்தப் படத்தை ஒரு முறைதான் பார்த்தார். போனைத் திருப்பித் தரும்போது என்னைப் பார்க்காமல், "இதுக்குப் போயி ஷூவு கெடக்குதுன்னு பேசுனேன் பாரு" என்றார். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒரு நல்ல கேமரா வாங்க வேண்டும் என்று கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். அதில்தான் டிக்கெட் போட்டேன். மாமா போனிலேயே திட்டினார். "உனக்கு இன்னா பைத்தியமா மச்சான்? ஒரு போட்டோவுக்கா?"

"ஆமாம் மாமா. போட்டோவுக்குத்தான்" என்றேன்.

ஆவணியில் வந்தார். காரிலிருந்து இறங்கி நேராக வாசலுக்குப் போகவில்லை. தெருவிலேயே நின்று வீட்டை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் உருவினார். அத்தை சொம்பில் தண்ணீரோடு வந்து, அவரை விடாமல் தன் கையாலேயே அந்தக் கால்களில் ஊற்றினார். அக்கா புதுக்கோலம் போட்டிருந்தாள். அதை மிதிக்காமல், வலது காலை எடுத்து உள்ளே வைத்தார் மாமா.

நான் எடுக்க நினைத்த படம் அதுதான். வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டே எடுத்ததில் கலங்கிப்போய்விட்டது. அவ்வளவு கலங்கிய படத்தைத் தெளிவாக்க எந்த ஆப்பாலும் முடியாது. எதற்குத் தெளிவாக்க வேண்டும்? அப்படியே வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் வேண்டாம், வெயில் பின்னால் போய்விடும் என்று மறுநாள் காலையில் எல்லோரையும் அதே இடத்தில் நிற்க வைத்தேன். அதே தோரணம் இல்லை, புது மாவிலை. அப்பா, அம்மா, அக்கா, அத்தை, நான். நடுவில் மாமா, வேட்டியில், வெறுங்காலோடு. நிழல் தானாக விழுந்தது. பாக்கெட் இடது பக்கமே இருந்தது.

படத்தை வாங்கி, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழே இறங்கினார் அத்தை. கால்கள் வரை வந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார்.

"எல்லாம் சரி... மாடு எங்கடா?"

"அன்னிக்கு வந்துட்டுப் போயிடுச்சு அத்தே."

"கெரகப்பிரவேசப் போட்டோல மாடு இல்லாமயா? ஒட்டுடா."

"மச்சான், மாட்டுக்கு ஷூ இல்லாம பாத்துக்க" என்றார் மாமா.

பழைய படத்திலிருந்து பசுவையும் கன்றையும் வெட்டி எடுத்தேன். அதே வாசல், அதே நேரத்து வெயில் என்பதால் திருப்பவும் வேண்டியிருக்கவில்லை, நிறம் மாற்றவும் வேண்டியிருக்கவில்லை. நிழல் மட்டும் போட்டேன். இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களில் ஒருவர்கூட மாடு ஒட்டியது என்று கண்டுபிடிக்கவில்லை. "வூட்டுக்காரரு வரலியா" என்றும் கேட்கவில்லை.

போட்டோ எடிட்டிங்குக்கு எவ்வளவு ஆகும் என்று எனக்கு அடிக்கடி எழுதிக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். ஆப் இலவசம். மாட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. பிரிண்டும் ஃபிரேமும் அறுநூற்றைம்பது. மஸ்கட் டிக்கெட், போகவர, இருபத்தொன்பதாயிரம்.

ஆக மொத்தம், எங்கள் குடும்பப் போட்டோ ஒன்றுக்கு ஆன செலவு: இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.