கூரை ஏறினால்தான் மனை

மாரிகுப்பத்தில் நாங்கள் இருந்த லைன் வீடு மூங்கில் தட்டியாலும் தகரத்தாலும் ஆனது. தங்கச் சுரங்கக் கம்பெனி கொடுத்த வீடு. என் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கும்வரை அது எங்களுக்கு உண்டு. வேலை போனால் வீடும் போகும்.

அதை எதிர்வீட்டில் கண்ணால் பார்த்தேன். காலையில் கேஜ் என்னும் இரும்புக்கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிய மனிதர் உயிரோடு மேலே வரவில்லை. காரியம் முடிந்ததும் அவர் மனைவியின் பானை, பாய், அம்மிக்கல் எல்லாம் தெருவுக்கு வந்தன. அடுத்துக் குடிவரும் குடும்பம் மூட்டைகளோடு ஓரமாகக் காத்திருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. அந்தப் பெண்கூட அழவில்லை. அன்றிலிருந்து ஷிப்டுக்குப் போனவர் திரும்பும்வரை எனக்குத் தையல் ஓடாது. மிஷன் பள்ளியில் கற்ற தையல். ஒரு கைமிஷின் வைத்திருந்தேன். சக்கரத்தைச் சுற்றும் கை பாதியில் நின்றுவிடும்.

லைன் வீடுகளில் பிளேக் பரவியபோது, நெரிசலைக் குறைக்க சர்க்கார் கொஞ்ச தூரத்தில் புதிதாக ஒரு பேட்டை அளந்தது. மனைகளை ஏலம் விடப்போவதாகத் தமுக்கடித்தார்கள். எடுத்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் கூரை போட்ட வீட்டைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மனை சர்க்காருக்கே திரும்பிவிடும். கட்டிய பணமும் கிடைக்காது.

"ஒரு பாதியில நாம இருக்கலாம், மாமா. இன்னொரு பாதிய வாடகைக்கு உடலாம்" என்றேன்.

"நம்மளாட்டம் ஆளுங்களுக்கா உடுவாங்க?" என்று கேட்டார் அவர்.

ஏலத்துக்கு முந்தின நாள், மரமும் ஓடும் விற்கும் மண்டிக்காரர் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்தார். கடைத்தெருவில் பாதி அவருடையது.

"இன்னாம்மா, நீங்களும் ஏலத்துக்கு வர்றீங்களாமே?"

"பாக்கலாம்னு கீறோங்க."

"தாராளமா வாங்க. ஆனா மரம், ஓடு எல்லாம் எங்கிட்டதான் வாங்கணும். நான் இல்லன்னுட்டா கூரைக்கு இன்னா பண்ணுவீங்க?"

சிரித்தபடிதான் சொன்னார். சட்டையை உதறிப் பார்த்து, "தையல் நல்லா கீது" என்று பாராட்டிவிட்டும் போனார்.

ஏலம் வெட்டவெளியில் நடந்தது. தாலுகா அதிகாரியான அமல்தார் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். துணிக்கடைக்காரர்கள், வட்டிக்கடைக்காரர்கள், சாராயக் குத்தகைக்காரர்கள் குடை பிடித்து நின்றார்கள். பெரிய தெரு மனைகளை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்குவதுபோல எடுத்தார்கள். கடைசித் தெருவில் ஒரு மூலை மனை வந்தது. நான் வீட்டுக்காரரின் முழங்கையைத் தொட்டேன். அவருக்கு வாய் திறந்தது, குரல் வரவில்லை. என்ன துணிச்சலோ, தொகையை நான் சொன்னேன். எல்லாத் தலையும் திரும்பியது. மண்டிக்காரர் ஏற்றினார். நானும் ஏற்றினேன். மறுபடி அவர் ஏற்ற, எங்கள் கையிருப்பின் விளிம்புவரை போய்ச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் தரம் சொல்லி, மனையை எங்களுக்கு முடித்துவிட்டார்கள்.

சந்தோஷம் வரவில்லை. கூட்டத்தைத் தாண்டிப்போய் வாந்தியெடுத்தேன்.

சொன்னபடியே மண்டியில் எங்களுக்கு மரம் கிடைக்கவில்லை. "இன்னிக்கு இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்றே மாதங்கள் போயின. சுவர் மட்டும் எழும்பி நின்றது. மழையில் மண்சுவர் கரைந்துவிடும் என்று பழைய சாக்குகளைத் தைத்துப் போர்த்தினேன். மேகம் கறுத்தாலே சாக்குகளை இழுத்துக் கட்ட ஓடுவேன்.

பூதிகோட்டையில் ஒரு குடியானவர் பழைய மாட்டுக்கொட்டகையைப் பிரிக்கிறார் என்று வண்டிக்காரர் ஒருவர் சொன்னார். இருவரும் ஓடினோம். உத்தரம், கைமரம், நாட்டு ஓடு எல்லாவற்றையும் பேசி முடித்து வண்டியில் ஏற்றினோம். மண்டியைத் தாண்டும்போது வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் மறிக்கவில்லை. ஒரு பாதிக்குத்தான் அந்த ஓடு போதுமானதாக இருந்தது. மறு பாதிக்கு ஓடு வாங்கக் கையில் ஒன்றுமில்லை. அதற்குக் காசு சேர்க்க, நாங்கள் லைன் வீட்டிலேயே இருந்துகொண்டு, கூரை போட்ட பாதியை வாடகைக்கு விட்டோம்.

குடிவந்தவர்கள், ஊரிகத்தில் தங்கக்கல் அரைக்கும் மில்லில் வேலை செய்தவர், அவர் மனைவி, கைக்குழந்தை. அவர்கள் இருந்த லைனில் எலி செத்து விழுந்ததால், பிளேக் வரும் என்று எல்லாரையும் கிளப்பிவிட்டிருந்தார்கள். வந்த சில நாளிலேயே அந்தப் பெண் காய்ச்சலில் படுத்தாள். அமல்தாரின் அலுவலகமான கச்சேரியிலிருந்து வீட்டைப் பார்வையிட ஆள் வரும் வாரம் அது.

"பிளேக்கா இருந்தா, உள்ள வெயில் படணும்னு சர்க்கார் ஆளுங்க ஓட்டைப் பிரிச்சுப் போட்டுட்டுப் பூடுவாங்க. கூரை இல்லாத வீட்டுக்கு மனை ஏது? போகச் சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

நடுப்பகலில் போனேன். அவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"கைய தூக்கும்மா."

"முடியல அக்கா, வலிக்குது."

நானே தூக்கிப் பார்த்தேன். அக்குளில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. பிளேக்குக்கும் அங்கேதான் கட்டி வரும். வாசலுக்கு எழுந்து வந்துவிட்டேன். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் கூரையையே பார்ப்பதுபோல இருந்தது. உள்ளே குழந்தையின் அழுகை நிற்கவில்லை.

"புள்ளைக்குப் பால் குடுத்தியா?" என்று வாசலிலிருந்தே கேட்டேன்.

"வாயில புண்ணு அக்கா. ரெண்டு நாளா குடிக்க மாட்டேங்குது."

திரும்பி உள்ளே போய் அவள் ரவிக்கையை அவிழ்த்தேன். கட்டி இருந்த பக்கத்து மார்பு சிவந்து, கல்லாக இறுகியிருந்தது. பால் கட்டிக்கொண்டிருக்கிறது. அக்குள் கட்டி அதனால்தானா, அதனால் மட்டும்தானா என்று யாரைக் கேட்பது? வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அலற, பாலைப் பீய்ச்சினேன். குழந்தையின் வாய்க்குத் தேன் தடவினேன். சாயந்திரம்வரை அங்கேயே இருந்தேன். தொட்டுவிட்ட என் கையையே பார்த்துப் பார்த்துப் பயந்தேன்.

மறுநாள் காய்ச்சல் தணிந்தது. அதற்கடுத்து அக்குள் கட்டியும் அமுங்கியது. கச்சேரி ஆள் வந்தபோது அவள் வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் சங்கிலி பிடித்து அளந்தார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார். "பாதிதானே கீது?" என்றார். பிறகு வாசலில் இருந்தவளைப் பார்த்தார். "சரி, குடி இருக்காங்க இல்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷமே மறு பாதிக்கும் கூரை ஏறியது. நாங்கள் லைன் வீட்டைக் காலி செய்தோம். புது வீட்டில் முதல் நாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். காலி செய்யச் சொல்ல வந்தவர்களோ என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, திறக்காமல் நின்றோம். பால் கொண்டுவந்தவர்தான்; இரண்டாம் முறையும் தட்டினார்.