ஃபெரிக்குப் போட்ட அபராதம்

என் கணவருக்கு வலிப்பு உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அடங்கியிருக்கும், தூக்கம் கெட்டால் எட்டிப்பார்க்கும். காடி ஓட்டுவதை எப்போதோ விட்டுவிட்டார். சுங்கைப்பட்டாணியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். எங்கள் வீடு தீவில், பள்ளி கடலுக்கு அக்கரையில். காலையில் ஜார்ஜ்டவுனில் முதல் ஃபெரிப் படகு, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கியதும் வடக்கே போகும் ரயில். இந்த இரண்டும் ஒத்துப்போனதால்தான் அவர் தினமும் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் படுத்தார். தனியாகத் தூங்க விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். குவாண்டம் கணினியை வைத்து அந்த வடக்குப் பாதையின் ரயில்களுக்குப் புதிய நேர அட்டவணை போடும் வேலை எங்களுக்கு வந்தது. சோதனை முயற்சிதான், ஆனால் நன்றாக வந்தால் ரயில்காரர்கள் அதன்படியே ஓட்டிப் பார்ப்பார்கள். அலுவலகமே துள்ளிக் குதித்தது. குவாண்டம் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு மயக்கம். கணினி எங்களிடம் இல்லை, எங்கோ வெளிநாட்டில் இருந்தது. நாங்கள் கணக்கை அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருப்போம். உள்ளதைச் சொன்னால், பாதிக்கு மேல் வேலையைச் செய்தவை எங்கள் சாதாரணக் கணினிகள்தான். அதை வெளியே சொல்லக்கூடாது என்று உத்தரவு.

ரயில் அட்டவணை லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு ரயில் கிளம்ப எதிர்த் தண்டவாளம் காலியாக வேண்டும், ஓட்டுநருக்கு ஓய்வு வேண்டும், பெட்டியைக் கழுவ நேரம் வேண்டும். ஒன்றை நகர்த்தினால் எல்லாம் நகரும். நாங்கள் கையாண்ட முறையில், ‘இதைச் செய்யாதே’ என்று அந்தக் கணினிக்கு நேராகச் சொல்ல முடியாது. செய்தால் இவ்வளவு அபராதம் என்றுதான் சொல்ல முடியும். மொத்த அபராதம் எதில் குறைவோ அந்த அட்டவணையை அது தேடிப் பிடிக்கும். நாசி கண்டார் கடை வாசலில், நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டின் மேலேயே காடியை நிறுத்திவிட்டு, சம்மன் வந்தால் அபராதத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அந்தப் புத்திதான் அதற்கும்.

ஆக, எந்த விதிக்கு எவ்வளவு அபராதம் என்று முடிவு செய்கிற கூட்டத்தில்தான் எல்லாம் இருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்த அத்தனை பேரும் காடியில் வருகிறவர்கள். பாலம் ஏறித்தான் அவர்கள் அக்கரையைப் பார்த்திருக்கிறார்கள். குழுத்தலைவர் நம்ம ஆள், என்னைவிட இளையவர், வாய் நிறைய என்னை அக்கா என்று கூப்பிடுவார். மரியாதை எல்லாம் அந்தக் கூப்பிடுதலோடு சரி. ஒரு ரயில் வரும் நேரம் அடுத்த ரயில் கிளம்பும் நேரத்தோடு சேர வேண்டும் என்பதற்குப் பெரிய அபராதம் போட்டார்கள். ஃபெரியோடு ரயில் சேர வேண்டும் என்று நான் சேர்த்திருந்த விதி வந்ததும் அவர் சிரித்தார்.

“அக்கா, ஃபெரி வேற ஆளுங்களோடதுலா. நமக்கு அதுல என்ன வேலை?”

“ஜனங்க ரெண்டுலயும்தானே போறாங்க, பாஸ்? பெரிய நம்பரா போடுங்க.”

“எல்லாத்துக்கும் பெரிசா போட்டா மெஷின் திணறும்லா, உங்களுக்குத் தெரியாததா? சரி, ஃபெரியில இருந்து ரயிலுக்கு எத்தன பேரு மாறுறாங்க? டேட்டா இருக்கா?”

இல்லை. ஃபெரி டிக்கெட் கணக்கு ஓரிடத்தில், ரயில் டிக்கெட் கணக்கு ஓரிடத்தில். இரண்டிலும் போவது ஒரே ஆள்தான் என்று எங்கேயும் பதிவில்லை. மெஷின் திணறும் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். விவரம் கெட்ட ஆளிடம் தோற்றிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

“என் வீட்டுக்காரர் போறாரு. தினமும் போறாரு,” என்றேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “அப்படின்னா இது உங்க சொந்த விஷயம்கா. நீங்க இதுல உட்காரவே கூடாது. ரூல் அப்படி,” என்றார், ரொம்பக் கனிவாக.

அபராதம் போடும் வேலையிலிருந்து அன்றே என்னை விலக்கினார்கள். காடியில் வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் போட்ட எண்ணுக்குப் பெயர் அனுபவம். நான் கேட்ட எண்ணுக்குப் பெயர் சுயநலம். ஃபெரிக்கு அவர்கள் போட்டது இருப்பதிலேயே சின்ன எண்.

அட்டவணை அழகாக வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ரயிலுக்காக ரயில் காத்து நிற்கவில்லை. காலை ரயில் மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தது. முதல் ஃபெரி அக்கரையில் அணைகிற நேரத்தில் அது போயிருக்கும். கணினி சின்ன அபராதத்தைக் கட்டிவிட்டுத் தன் வழியில் போய்விட்டது. ரயில்காரர்கள் அதை ஏற்றார்கள், எங்களுக்கு விருந்து நடந்தது. பயணிகள் காத்திருக்கும் நேரம் குறைந்துவிட்டது என்று தலைவர் மேடையில் சொன்னார். கை தட்டினார்கள். ரயிலைத் தவறவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவன் காத்திருப்பதில்லையே, அவன் எந்தக் கணக்கில் வருவான்?

கொஞ்ச நாள் நானே அவரைக் காடியில் பாலம் வழியாக அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டேன். திரும்பிப் பாலத்து நெரிசலில் மாட்டி, பாயான் லெப்பாஸுக்குத் தினமும் தாமதமாகப் போய், அதற்கும் அதே தலைவரிடம் பாட்டு வாங்கினேன். அடுத்த ரயிலில் போனால் கணவருக்கு முதல் பாடவேளை போய்விடும். மாற்றல் கேட்டார், கிடைக்கவில்லை. “மெஷின் மேல கோபப்பட்டு என்ன ஆவப்போவுது, விடுமா,” என்று சொல்லிவிட்டு, சுங்கைப்பட்டாணியில் இன்னொரு ஆசிரியரோடு சேர்ந்து அறை எடுத்தார். எனக்கு விட முடியவில்லை. கோபம் மெஷின் மேல் இல்லை என்று அவருக்குச் சொல்லியும் புரியவில்லை.

போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். மோவாயில் பிளாஸ்திரி. குளியலறையில் வழுக்கிவிட்டதாம். சம்பல் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர் என்று நெத்திலி போட்டுக் காரமாகச் சம்பல் செய்திருந்தேன். கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார்.

“ரசம் போதும்மா. வயிறு சரியில்ல.”

ரசச் சோற்றையும் ஆறவைத்து ஒரு பக்கமாகவே மென்றார். வலிப்பு வந்தால் அவர் நாக்கைக் கடித்துக்கொள்வார். பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்தவள் நான்.

“நாக்கக் காட்டுங்க.”

குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

“அந்த சார் அறையில இருந்தாரா இல்லையா?”

“அவரு ஊருக்குப் போயிருந்தாரு,” என்றார். “நான் முழிச்சப்ப விடிஞ்சிருந்துச்சு. தரையில கெடந்தேன். ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு மொகத்தக் கழுவிட்டுக் கெளம்பிட்டேன்.”