படிவத்தில் எழுதாத ஆறு வருடங்கள்

பஸ் கரடிப்போக்குச் சந்திக்கு வருவதற்குள் சுதாஜினி கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவாள். பட்டமளிப்பன்று அண்ணன் கட்டிவிட்டது. பின்பக்கம் அவள் பெயரும் பி.ஏ. என்ற இரண்டு எழுத்தும் வெட்டியிருக்கின்றன. அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கப் போகிறவர் யாருமில்லை. ஆனாலும் கழற்றுவாள்.

ஆடைத் தொழிற்சாலையின் பஸ் அது. உருத்திரபுரத்தில் காலை ஐந்தரைக்கு ஏறுகிறாள். ஊரில் கேட்பவர்களுக்கு அவள் "ஒஃபிஸிலை கிளார்க்". அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். தொழிற்சாலைக்கு அவள் உயர்தரப் பரீட்சையில் பெயில் விட்டவள்.

முதல் தடவை உண்மையைத்தான் எழுதிக் கொடுத்தாள். படிவத்தை வாங்கிய பெண் பேனாவை மூடினாள். "பட்டதாரியள் வேண்டாம் தங்கச்சி. பழக்கி எடுக்க, அரசாங்க வேலை எண்டு ஓடிடுவியள்."

அரசாங்கம் மூன்று வருடமாகக் கூப்பிடவில்லை. அந்தப் பெண் லீவில் நின்ற நாளாகப் பார்த்துப் போய் வேறு படிவம் நிரப்பினாள். நான்கு வருடப் படிப்பு, கொரோனாவும் வேலைநிறுத்தங்களும் சேர்ந்து ஆறாக நீண்டிருந்தது. அந்த ஆறுக்கும் நேரே "வீட்டில்" என்று எழுதினாள். தெரியவந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள்.

பக்கத்து மெஷின் விமலேஸ்வரிக்கு அவளைப் பிடிக்கும். "கம்பஸ் முடிச்சதுகள் கச்சேரி வாசலிலை கொட்டில் போட்டுக் குந்தியிருக்குதுகள். நீதானடி கெட்டிக்காரி. நேரத்தோடை பெயில் விட்டிட்டாய்!"

சுதாஜினியும் சிரிப்பாள். வேலை கேட்டு மாவட்டச் செயலகத்தின் முன்னால் போட்ட அந்தக் கொட்டிலில் அவள் நாற்பது நாள் இருந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை புது ஓடர் வந்தது. லைனுக்குப் பொறுப்பான கமலாசனி மாதிரிப் படத்தை முன்னால் ஒட்டிவிட்டுப் போனாள். படத்தில் சட்டையின் பொக்கற் இடப்பக்கம். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி: படம் பழையது, பொக்கற் வலப்பக்கம் வர வேண்டும். சுதாஜினி வாசிக்க நினைத்து வாசிக்கவில்லை. கண் தானாக ஓடிவிட்டது. கை வலப்பக்கம் தைத்தது.

கமலாசனி வந்து சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "கண்ணை எங்கை வைச்சிருக்கிறாய்? படத்திலை எந்தப் பக்கம் கிடக்கு?"

"அக்கா, கீழை எழுதியிருக்கிறதை ஒருக்கா..."

"ஏன், உனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியுமோ?"

விமலேஸ்வரி மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். மற்ற மெஷின்கள் எல்லாம் இடப்பக்கம் தைத்துக்கொண்டிருந்தன. பின்னேரத்துக்குள் நூற்றுக்கணக்கான சட்டைகள் பிழையாகிவிடும். நாளைக்கு எல்லோரும் இருந்து பிரிக்க வேண்டிவரும்.

"இல்லையக்கா."

"பிறகென்ன கதை? பிரிச்சுத் தை."

சுதாஜினி சட்டையை மடியில் விரித்தாள். நூல்வெட்டியை எடுத்து, நேராக ஓடியிருந்த தையலை ஒவ்வொரு கண்ணாக அறுக்கத் தொடங்கினாள்.