தாயின் பெயர் எழுதும் கட்டம்

போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதற்காகவே அந்த வீட்டில் சித்தியும் பெண்ணும் ஞாயிறுதோறும் எதிரெதிரே நிற்பார்கள். உதறி, நான்காக்கி, நடுவில் சந்தித்து, சித்தி கையில் வாங்கிக்கொண்டதும் பெண் போய்விடுவாள். எட்டு வருடமாக இதே நடைமுறை. இந்த ஞாயிறு மட்டும் மடித்த போர்வை அலமாரிக்குப் போகாமல் பெட்டிக்குள் போனது. பதினேழு முடிந்த பெண், நர்ஸ் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போகிறாள்.

சித்திக்கு ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்ட்டரில் வேலை. கண்ணாடியில் ஒரு ஓட்டை. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் வரிசை. கிழவர் முதல் கைக்குழந்தைக்காரி வரை எல்லோருக்கும் அவள் ‘கவுண்ட்டர் அக்கா’. வீட்டில்தான் அவளை அழைக்க ஒரு பேர் கிடையாது. கல்யாணமாகி வந்த அன்றே நாத்தனார், இறந்துபோன மூத்தவளின் ஒன்பது வயதுப் பெண்ணைப் பிடித்து முன்னால் தள்ளி, “சித்தின்னு கூப்பிடுடி, வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?” என்றாள். முத்தும் உதிரவில்லை, சொல்லும் உதிரவில்லை.

பிறகு அந்தப் பெண் கூப்பிடாமலேயே காரியம் சாதிக்கப் பழகிக்கொண்டாள். “இங்க பாருங்க” என்று பேச்சைத் தொடங்குவாள். அவசரம் என்றால் சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமுவாள். அதுவும் முடியாத நாட்களில், லாரியோடு எங்கோ இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டு, “அவங்ககிட்ட சொல்லுங்கப்பா, ஸ்கூல்ல கையெழுத்து வேணுமாம்” என்பாள்.

“அடுத்த ரூம்ல இருக்கிறவளுக்கு நான் நானூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து சொல்லணுமா? நான் டிரைவரா, தபால்காரனா?” என்று சலித்துக்கொண்டே அவர் சொல்லிவிடுவார்.

சித்தி இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. டைபாய்டு வந்த மூன்று வாரமும் பெண் அவள் கையால்தான் கஞ்சி குடித்தாள். கிண்ணத்தை நீட்டுகிறவளைக் கூப்பிட வேண்டிய தேவை இருக்கவில்லை.

விடுதிப் படிவத்தைத் தானே நிரப்பித் தருவதாகச் சித்தி சொல்லியிருந்தாள். ஒரு நாளைக்கு இருநூறு படிவம் நிரப்புகிற கை. தாயின் பெயர் என்ற கட்டம் வந்தபோதும் அது நிற்கவில்லை. நோயாளிக்கு உறவு யார் என்று கேட்டால் கவுண்ட்டரில் விழிக்கிற ஆட்களிடம் அவள் தினமும் சொல்வது ஒன்றுதான்: “யார் யாரோ பேரைச் சொல்லிக் குழப்பாதீங்க. கூப்பிட்டா ஓடி வர்றது யாரு, அவங்க பேரைச் சொல்லுங்க.” அந்தப் பழக்கத்தில் தன் பேரை எழுதிவிட்டாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெண் படிவத்தைப் படித்தாள். காது மடல் சிவந்தது.

“இங்க பாருங்க. எங்கம்மா பேரு எங்க?”

சித்தி எட்டிப் பார்த்தாள். “கைப்பழக்கத்துல எழுதிட்டேன்.”

“செத்துட்டா பேரும் போயிடுமா?”

“போகாது. கொடு இப்படி.”

வேறு படிவம் கிடையாது; காலையில் கொடுத்தாக வேண்டும். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் பாதுகாவலர் சுருக்கொப்பமிட வேண்டும் என்று அடியில் அச்சடித்திருந்தது. அப்பா ஊர் திரும்ப நான்கு நாளாகும் என்பதால் பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டிருந்ததும் சித்திதான். அவள் ஸ்கேலை வைத்துத் தன் பேரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே, கட்டத்துக்குள் அடங்கும்படி, மூத்தவளின் பேரை எழுதினாள். இனிஷியல் என்ன என்று கேட்கவில்லை. பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.

“காலமானவர்னு சேர்க்கணும். இல்லேன்னா பெற்றோர் கூட்டத்துக்கு அவங்களை வரச்சொல்லி லெட்டர் போடுவாங்க.”

பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போனது. “எழுதுங்க.”

அடுத்த வரியில் மூன்று கட்டங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், போன் நம்பர், உறவு. சித்தி பேனாவை நீட்டினாள்.

“இதை நீயே எழுது. நான் எழுதி, இன்னொரு கோடு போட முடியாது. உங்கப்பா நம்பரைப் போடறதா இருந்தா யோசிச்சுக்கோ, பாதி வழியில டவரே கிடைக்காது.”

பெண் பேனாவை வாங்கிச் சித்தியின் பேரை எழுதினாள். போனைப் பார்க்காமலேயே நம்பரையும் எழுதினாள். சித்தி எதிர்ப்பக்கம் இருந்தபடி தலைகீழாகவே அதைப் படித்தாள். ஓர் எண்கூடத் தப்பவில்லை.

“உறவுன்னு ஒரு கட்டம் மிச்சம் இருக்கே,” என்றாள். “அதுல என்ன போடப்போறே?”

பெண் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுப் படிவத்தை உறையில் போட்டாள். உறையைப் பெட்டியின் மேல் வைத்தாள். எழுந்து அறையை விட்டுப் போனாள்.